பொது ஆற்றுக்கு ஒரு மாநிலம் சட்டம் போட முடியுமா?

1991 ஜூலை 25 அன்று கர்நாடகத்தில் ஓர் அவசரச் சட்டம் வந்தது. காவிரிப் படுகைப் பாசனப் பாதுகாப்பு அவசரச் சட்டம் என்று பெயர். பெயரைப் பார்த்தால் யாருக்கும் ஆட்சேபம் இருக்காது. தன் விவசாயிகளின் பாசனத்தைப் பாதுகாக்க ஒரு மாநிலம் சட்டம் கொண்டுவருகிறது, அதில் என்ன தப்பு? உள்ளே போய்ப் படித்தால்தான் சங்கதி தெரியும். எந்த நீதிமன்றமோ நடுவர் மன்றமோ என்ன உத்தரவு போட்டிருந்தாலும், இனிமேல் போட்டாலும், நடுவர் மன்றத்தின் இறுதித் தீர்ப்பு வரும்வரை காவிரியிலிருந்து தனக்குத் தேவை என்று படும் நீரை மாநில அரசு எடுத்துக்கொள்ளலாம் என்றது அந்தச் சட்டம்.

அதற்குச் சரியாக ஒரு மாதம் முன்பு, ஜூன் 25 அன்று, காவிரி நடுவர் மன்றம் ஓர் இடைக்கால உத்தரவு பிறப்பித்திருந்தது. ஜூன் முதல் மே வரையிலான ஆண்டில் மேட்டூருக்கு 205 டிஎம்சி வந்து சேரும்படி கர்நாடகம் தண்ணீர் விட வேண்டும். காவிரிப் படுகையில் தன் பாசனப் பரப்பை அப்போதிருந்த 11.2 லட்சம் ஏக்கருக்கு மேல் கூட்டக் கூடாது. அவசரச் சட்டம் யாருக்குப் பதில் சொல்ல வந்தது என்பதை விளக்க வேண்டியதில்லை.

இரண்டே நாளில் விஷயம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. வழக்காகப் போகவில்லை. அரசியலமைப்பின் 143வது பிரிவின்படி குடியரசுத் தலைவர் நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்டார். நவம்பர் 22 அன்று ஐந்து நீதிபதிகள் அடங்கிய அமர்வு பதில் சொன்னது: இந்தச் சட்டம் செல்லாது.

தண்ணீர் மாநிலப் பட்டியலில் இருக்கிறது என்றுதான் பள்ளிக்கூடத்தில் படிக்கிறோம். அப்படியிருக்க, மாநிலம் போட்ட தண்ணீர்ச் சட்டம் எப்படிச் செல்லாமல் போகும்? இங்கேதான் நிறையப் பேர் குழம்புகிறார்கள். தொலைக்காட்சி விவாதங்களில் தினமும் பேசுகிறவர்களும் அதில் அடக்கம்.

பட்டியலும் அதன் வாலும்

அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையில் மூன்று பட்டியல்கள் இருக்கின்றன. மாநிலப் பட்டியலின் 17வது பதிவு தண்ணீரைப் பற்றியது. குடிநீர், பாசனம், கால்வாய், வடிகால், கரைகள், நீர்த்தேக்கம், நீர்மின்சாரம் எல்லாம் அதில் வந்துவிடும். அதோடு நின்றிருந்தால் வம்பில்லை. ஆனால் பதிவின் கடைசியில் ஒரு வால் இருக்கிறது: ஒன்றியப் பட்டியலின் 56வது பதிவுக்கு உட்பட்டு.

அந்த 56வது பதிவு, பல மாநிலங்களின் வழியாக ஓடும் ஆறுகளையும் ஆற்றுப் பள்ளத்தாக்குகளையும் ஒழுங்குபடுத்துவதும் மேம்படுத்துவதும் பற்றியது. அதற்கும் ஒரு நிபந்தனை உண்டு. பொதுநலன் கருதி எந்த அளவுக்கு ஒன்றியம் கையில் எடுக்க வேண்டும் என்று நாடாளுமன்றம் சட்டம் போட்டு அறிவிக்கிறதோ, அந்த அளவுக்குத்தான் அதிகாரம் அங்கே போகும். நாடாளுமன்றம் சும்மா இருந்தால் மாநிலத்தின் கையே ஓங்கியிருக்கும். பெரும்பாலும் நாடாளுமன்றம் சும்மாதான் இருந்திருக்கிறது. அந்தக் கதை கொஞ்சம் கழித்து வரும்.

மூன்றாவது கண்ணி 262வது பிரிவு. ஆற்றுநீர்த் தகராறுகளைத் தீர்க்க நாடாளுமன்றம் தனியாக ஓர் ஏற்பாடு செய்யலாம், அந்தத் தகராறுக்குள் உச்ச நீதிமன்றம் உட்பட எந்த நீதிமன்றமும் நுழையக் கூடாது என்றும் சொல்லலாம் என்கிறது அது. இதன்படி வந்ததுதான் 1956ஆம் ஆண்டின் மாநிலங்களுக்கிடையிலான ஆற்றுநீர்த் தகராறுச் சட்டம். ஒரு மாநிலம் புகார் கொடுக்கும். பேச்சுவார்த்தையில் தீராது என்று தெரிந்தால் ஒன்றிய அரசு நடுவர் மன்றம் அமைக்கும். நடுவர் மன்றம் சொல்வது அரசிதழில் வெளியானால் சம்பந்தப்பட்ட மாநிலங்களைக் கட்டுப்படுத்தும். காவிரிக்கு 1990 ஜூன் 2 அன்று மன்றம் அமைந்தது இந்தச் சட்டத்தின்படிதான்.

இவை தவிர, யாரும் அதிகம் பேசாத 245வது பிரிவு ஒன்று உண்டு. ஒரு மாநிலச் சட்டமன்றம் தன் எல்லைக்குள்தான் சட்டம் செய்ய முடியும். சின்ன விதிதான். ஆனால் ஆற்று விஷயத்தில் எல்லாவற்றையும் தீர்மானிப்பது இதுதான். வீட்டு வரிக்கோ பேருந்துக் கட்டணத்துக்கோ போடும் சட்டம் எல்லையோடு நின்றுவிடும். காவிரியில் கர்நாடகத்தின் அணையான கிருஷ்ணராஜ சாகரின் மதகை மூடச் சொல்லும் சட்டம் அப்படி நிற்காது. எழுதப்பட்டது பெங்களூரில் என்றாலும் அது வேலை செய்வது திருவாரூரில்.

1991இல் உச்ச நீதிமன்றம் சொன்னதன் சாரம் இதுதான். அவசரச் சட்டம் கர்நாடகத்துக்குள் இருக்கும் நீரைப் பற்றிப் பேசுவதுபோல் தெரிந்தாலும், அதன் விளைவு தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் விழுகிறது. ஆகவே எல்லை தாண்டியது. நாடாளுமன்றச் சட்டத்தின்படி அமைந்த மன்றத்தின் உத்தரவை அது செல்லாக்காசாக்குகிறது. ஆகவே அதிகாரம் தாண்டியது. தகராறில் ஒரு தரப்பாக இருப்பவரே அந்தத் தகராறுக்குத் தீர்ப்பும் எழுதிக்கொள்கிறார். ஆகவே சட்டத்தின் ஆட்சிக்கே விரோதமானது. ஓடும் ஆற்றின் நீர் எந்த ஒரு மாநிலத்துக்கும் சொந்தமல்ல என்பது இந்த வாதங்களுக்கெல்லாம் அடியில் இருக்கும் கருத்து. 2018இல் அதே நீதிமன்றம் இதை இன்னும் அழுத்தமாகச் சொன்னது.

தீர்ப்பு வந்தது, சரி. அப்புறம் நடந்தது என்ன? டிசம்பரில் இடைக்கால உத்தரவு அரசிதழில் வெளியானதும் பெங்களூரிலும் கர்நாடகத்தின் தென்பகுதியிலும் தமிழர்கள் மீது வன்முறை வெடித்தது. செல்லாத சட்டம் ஒன்று, 'நமக்கு உரிமை இருக்கிறது, வெளியார் பறிக்கிறார்கள்' என்ற எண்ணத்தை ஆழமாக ஊன்றிவிட்டிருந்தது. இந்த மாதிரிச் சட்டங்கள் உண்மையில் மதகைப் பார்த்து எழுதப்படுவதில்லை, வாக்காளரைப் பார்த்துத்தான் எழுதப்படுகின்றன என்பது என் எண்ணம்.

பஞ்சாபும் கேரளமும்

கர்நாடகத்தை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினால் அது நியாயமில்லை. 2004 ஜூலை 12 அன்று பஞ்சாப் சட்டமன்றம் இன்னும் ஒரு படி மேலே போனது. ராவி, பியாஸ் ஆறுகளின் நீரைப் பங்கிட பஞ்சாப், ஹரியாணா, ராஜஸ்தான் முதலமைச்சர்கள் 1981 டிசம்பர் 31 அன்று கையெழுத்திட்ட ஒப்பந்தம் ஒன்று இருந்தது. அதையும் அந்த ஆறுகள் தொடர்பான மற்ற ஒப்பந்தங்களையும் ரத்து செய்வதாக ஒரே சட்டத்தில், ஒருமனதாக அறிவித்தது பஞ்சாப். ஹரியாணாவுக்குத் தண்ணீர் கொண்டுபோக வேண்டிய சட்லஜ் யமுனை இணைப்புக் கால்வாயின் தன் பகுதியைக் கட்டி முடிக்கச் சொல்லி 2002இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருந்தது, பஞ்சாப் முடிக்கவில்லை, 2004 ஜூனில் ஒன்றிய அரசே எடுத்துச் செய்யட்டும் என்றது நீதிமன்றம். அந்தச் சூட்டில் பிறந்த சட்டம் இது.

மறுபடியும் குடியரசுத் தலைவர் கருத்துக் கேட்டார். இந்தத் தடவை பதில் வரப் பன்னிரண்டு ஆண்டுகள் பிடித்தன. 2016 நவம்பர் 10 அன்று, பலர் சேர்ந்து போட்ட ஒப்பந்தத்தை ஒருவர் மட்டும் தனியாக முறிக்க முடியாது, நீதிமன்றத் தீர்ப்பைச் சட்டம் போட்டு அழிக்கவும் முடியாது என்று கருத்து வந்தது. 214 கிலோமீட்டர் கால்வாயில் பஞ்சாபுக்குள் வரும் 122 கிலோமீட்டர் இன்னும் முடியவில்லை. சட்டம் தோற்றது, கால்வாயும் வரவில்லை. பஞ்சாப் அரசியல்வாதியிடம் கேட்டால் அதைத் தோல்வி என்று சொல்வாரா என்பது சந்தேகம்தான்.

கேரளத்தின் கதை கொஞ்சம் வேறு. முல்லைப் பெரியாறு அணை இருப்பது கேரளத்தில், அதன் நீர் வருவது தேனிப் பக்கம். 1886இல் திருவிதாங்கூர் அரசரும் அன்றைய பிரிட்டிஷ் அரசும் போட்ட 999 ஆண்டுக் குத்தகையின்படி கட்டி, 1895இல் முடித்த அணை அது. பாதுகாப்பு குறித்த அச்சத்தால் 1979இல் நீர்மட்டம் 136 அடியாகக் குறைக்கப்பட்டது. பலப்படுத்தும் பணிகள் நடந்தபின், 142 அடி வரை தேக்கலாம் என்று 2006 பிப்ரவரி 27 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அடுத்த மாதமே கேரளச் சட்டமன்றம் தன் நீர்ப்பாசனச் சட்டத்தைத் திருத்தியது. ஆபத்தான அணைகள் என்று ஓர் அட்டவணை போட்டு, அதில் முல்லைப் பெரியாற்றுக்கு நேராக 136 அடி என்று எழுதிவைத்தது.

2014 மே 7 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு இதையும் ரத்து செய்தது. இங்கே காரணம் வேறு. சட்டமன்றம் ஒரு சட்டத்தின் அடிப்படையை மாற்றலாம். அதனால் பழைய தீர்ப்பு பொருந்தாமல் போகலாம். அது நியாயமான வழி. ஆனால் நிபுணர் அறிக்கைகளைப் பார்த்து, வாதங்களைக் கேட்டு, அணை இந்த மட்டத்தைத் தாங்கும் என்று நீதிமன்றம் ஒரு முடிவு சொன்ன பிறகு, அதே கேள்விக்கு வேறு விடையை அட்டவணையில் எழுதிவைக்கச் சட்டமன்றத்துக்கு அதிகாரம் இல்லை. அணைக்குக் கீழே வாழும் இடுக்கி மக்களின் பயம் பொய்யானது என்று இதற்குப் பொருளில்லை. அந்தப் பயத்துக்குப் பதில் தேட வேண்டிய இடம் வேறு என்றுதான் பொருள். 2021இல் வந்த அணைப் பாதுகாப்புச் சட்டம் 56வது பதிவைப் பயன்படுத்தி நாடாளுமன்றம் கொண்டுவந்தது. இது போன்ற சிக்கல்களுக்குச் சரியான வாசல் அதுதான்.

டிஎம்சிக்கு ஒரு நிமிடம்

ஆற்றுச் செய்திகளைப் படிக்க இந்த ஒரு கணக்கு தெரிந்திருந்தால் போதும். ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கன அடி. விநாடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு நாள் முழுக்க ஓடினால் ஒரு டிஎம்சி சேரும். மேட்டூர் அணை நிரம்பினால் 93.47 டிஎம்சி. 2023 செப்டம்பரில் பதினைந்து நாளைக்கு விநாடிக்கு 5,000 கன அடி விடச் சொல்லிக் காவிரி மேலாண்மை ஆணையம் உத்தரவிட்டபோது பெங்களூரில் கடையடைப்பு நடந்தது. அந்த மொத்தத் தண்ணீரும் கூட்டிப் பார்த்தால் ஆறரை டிஎம்சிதான். அதை வைத்துக்கொண்டு டெல்டாவில் யாரும் கொழித்துவிட முடியாது, கர்நாடகமும் வறண்டுவிடாது. ஆனாலும் தெருவுக்கு வந்தார்கள். காரணம் அது மழை பொய்த்த ஆண்டு.

இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். நல்ல மழை பெய்த ஆண்டில் ஆற்றுச் சட்டம் எதுவும் தேவையே இல்லை. கர்நாடக அணைகள் நிரம்பி வழியும்போது, எல்லையில் நீரை அளக்கும் இடமான பிலிகுண்டுலுவில் விநாடிக்கு ஒரு லட்சம் கன அடி வந்தாலும் யாரும் கணக்குக் கேட்பதில்லை. ஒரு படுகைச் சட்டம் நல்ல சட்டமா என்று பார்க்க வேண்டுமென்றால், பற்றாக்குறையை எப்படிப் பிரிப்பது என்று அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

காவிரித் தீர்ப்பில் என்ன எழுதியிருக்கிறது? 2007 பிப்ரவரி 5 அன்று வந்த நடுவர் மன்றத்தின் இறுதித் தீர்ப்பு, சராசரி ஆண்டின் நீர் 740 டிஎம்சி என்று கணக்கிட்டு, தமிழ்நாட்டுக்கு 419, கர்நாடகத்துக்கு 270, கேரளத்துக்கு 30, புதுச்சேரிக்கு 7 என்று பிரித்தது. சுற்றுச்சூழலுக்கு 10, கடலில் போய்ச் சேர்வதற்கு 4. நீர் குறைந்த ஆண்டில் எல்லோருடைய பங்கும் அதே விகிதத்தில் குறையும் என்றது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் எந்தத் தேதியில், எந்த அணைகளின் இருப்பைப் பார்த்து, எத்தனை ஆண்டுச் சராசரியோடு ஒப்பிட்டுக் குறைப்பது? செப்டம்பர் வரை காய்ந்துவிட்டு அக்டோபரில் கொட்டினால் என்ன செய்வது? இந்தக் கேள்விகளுக்கு இரு மாநிலமும் ஒப்புக்கொண்ட ஒரு சூத்திரம் இல்லாததால்தான் ஒவ்வொரு வறட்சியும் புது வழக்காகிறது.

2016 செப்டம்பரில் இதன் உச்சம் வந்தது. தினமும் விநாடிக்கு 6,000 கன அடி வீதம் விடச் சொன்னது உச்ச நீதிமன்றம். கர்நாடகம் இந்த முறை அவசரச் சட்டம் போடவில்லை, 1991 நினைவிருந்தது போலும். சட்டமன்றத்தைக் கூட்டி, காவிரி அணைகளில் இருக்கும் நீரைக் குடிநீருக்கு மட்டுமே பயன்படுத்துவது என்று ஒருமனதாகத் தீர்மானம் போட்டது. தீர்மானம் சட்டமல்ல, ரத்து செய்ய அதில் ஒன்றும் இல்லை. சாமர்த்தியம்தான்.

எல்லைக்குள் நடந்த சட்டம்

அப்படியென்றால் ஆறு விஷயத்தில் மாநிலச் சட்டத்தால் ஒன்றுமே ஆகாதா? ஆகும். மகாராஷ்டிரத்தைப் பார்க்கலாம். பற்றாக்குறையைப் பிரிக்கும் சூத்திரத்தை அந்த மாநிலம் சட்டத்திலேயே எழுதிவைத்திருக்கிறது.

கோதாவரி நாசிக் அருகே திரியம்பகத்தில் பிறக்கிறது. மேல்பகுதியில் நாசிக், அகமத்நகர் (இப்போது அகில்யாநகர்) மாவட்டங்கள். திராட்சையும் கரும்பும் விளையும் பூமி. கங்காப்பூர், தாரணா, முளா, பண்டாரதரா என்று வரிசையாக அணைகள். கீழே பைட்டணில் ஜாயக்வாடி அணை; அதை நம்பியிருப்பது மழை குறைந்த மராத்வாடா. ஒரே மாநிலம், ஒரே ஆறு, ஆனால் மேல்மடைக்கும் கடைமடைக்கும் இடையே காவிரியில் இருக்கும் அதே புகைச்சல். நம் ஊர் வாய்க்காலில் தலைமடைக்காரர் மடையைத் திறந்து வைத்துக்கொண்டு கடைமடைக்காரரை இரவில் காவல் காக்க வைப்பாரே, அதேதான் இங்கே மாவட்ட அளவில்.

2005இல் மகாராஷ்டிரம் நீர்வள ஒழுங்குமுறை ஆணையச் சட்டம் கொண்டுவந்தது. அதில் 12வது பிரிவில் ஒரு விதி: ஒரு படுகையில் கஷ்டத்தைச் சமமாகப் பகிர்ந்துகொள்ளும் வகையில், ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் முடிவுக்குள் அந்தப் படுகையின் எல்லா அணைகளிலும் இருப்பு விகிதம் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும்படி நீரை ஒழுங்குபடுத்த வேண்டும். இத்தனை டிஎம்சி என்று எந்த மாவட்டத்துக்கும் அது உறுதி கொடுக்கவில்லை. மழை குறைந்தால் எல்லோருக்கும் குறையட்டும் என்கிறது, அவ்வளவுதான்.

சட்டம் இருந்தும் பல ஆண்டுகள் அது காகிதத்திலேயே கிடந்தது. மராத்வாடாக்காரர்கள் வழக்குப் போட்டு, ஆணையத்தில் முறையிட்ட பிறகு, 2014 செப்டம்பரில் ஆணையம் நடைமுறையைத் தெளிவுபடுத்தி உத்தரவு போட்டது. அக்டோபர் 15 அன்று ஜாயக்வாடியின் பயன்பாட்டு நீர் 65 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் மேல் அணைகள் தண்ணீர் விட வேண்டும். நாசிக் பக்கத்து சர்க்கரை ஆலைகளும் பாசன அமைப்புகளும் எதிர்த்து வழக்காடின. 2016இல் பம்பாய் உயர் நீதிமன்றம் உத்தரவை நிலைநிறுத்தியது.

2023 நவம்பரில் இந்த விதியின்படி மேல் அணைகளிலிருந்து 8.6 டிஎம்சி விடச் சொன்னார்கள். எப்படி விடுவார்கள் என்பதுதான் சுவாரசியம். வெறும் மதகைத் திறந்தால் போதாது. வழியில் ஆற்றின் குறுக்கே இருக்கும் தடுப்பணைகளில் செருகியிருக்கும் பலகைகளைக் கழற்றியாக வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொன்றும் தன் பங்குக்கு நிரப்பிக்கொள்ளும். தண்ணீர் போகும் நாட்களில் கரையோர மோட்டார்களுக்கு மின்சாரத்தை நிறுத்திவைப்பார்கள்; காவலுக்கு ஆள் போடுவார்கள். இத்தனையும் செய்த பிறகும் காய்ந்த மணல் குடித்தது போக மீதிதான் பைட்டணுக்கு வரும். போராட்டங்கள் நடக்கத்தான் செய்கின்றன. ஆனாலும் தண்ணீர் வருகிறது. எவ்வளவு விடுவது என்பதைக் கணக்கு முடிவு செய்கிறது. அமைச்சரின் ஊர் எது என்பது முடிவு செய்வதில்லை, அல்லது முன்பைவிடக் குறைவாக முடிவு செய்கிறது.

இது ஏன் சாத்தியமாயிற்று? நாசிக்கும் மராத்வாடாவும் ஒரே சட்டமன்றத்துக்கு ஆட்களை அனுப்புகின்றன. இரு தரப்பையும் கட்டுப்படுத்த அந்தச் சட்டமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. பெங்களூரில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு மன்னார்குடியில் வாக்கு இல்லை.

நம் பக்கமும் ஒரு சட்டம் இருக்கிறது. பாசன அமைப்புகளை விவசாயிகளே நிர்வகிப்பதற்காகத் தமிழ்நாடு 2000இல் கொண்டுவந்த சட்டம். அதன்படி நீரைப் பயன்படுத்துவோர் சங்கங்கள் உண்டு, தேர்தல் உண்டு. ஆனால் அது வாய்க்கால் மட்டத்தில் நின்றுவிடுகிறது. ஜாயக்வாடி விதிபோல ஒரு படுகை முழுவதற்கும் பஞ்ச காலக் கணக்கு அதில் இல்லை. அப்புறம், காரைக்காலை நாம் மறந்துவிடுகிறோம். புதுச்சேரிக்கான 7 டிஎம்சி தமிழ்நாட்டின் வழியாகத்தான் போகிறது; அங்கே நாம்தான் தலைமடை.

யாரும் திறக்காத சட்டம்

நாடாளுமன்றம் சும்மா இருந்த கதை இனி. 1956இல் தகராறுச் சட்டத்தோடு கூடவே இன்னொன்றும் நிறைவேறியது: ஆற்று வாரியங்கள் சட்டம். தகராறு முற்றிய பிறகு நடுவர் மன்றம். முற்றுவதற்கு முன்பே மாநிலங்கள் சேர்ந்து திட்டமிட வாரியம் என்பது யோசனை. மாநிலம் கேட்டாலோ தானாகவோ ஒன்றிய அரசு வாரியம் அமைக்கலாம். வாரியம் ஆலோசனை சொல்லும். அறுபது ஆண்டுகளுக்கும் மேலாகிறது, அந்தச் சட்டத்தின்படி ஒரு வாரியம்கூட அமையவில்லை. மேல்மடை மாநிலம் ஏன் கேட்கப்போகிறது? இருப்பதை வைத்துக்கொள்வதில் அதற்கு என்ன நஷ்டம்?

வேறு வழிகளில் அமைப்புகள் வந்திருக்கின்றன. தாமோதர் பள்ளத்தாக்குக் கழகம் 1948இல் தனிச் சட்டத்தால் வந்தது. கிருஷ்ணா, கோதாவரி மேலாண்மை வாரியங்கள் 2014இல் ஆந்திரப் பிரிவினைச் சட்டத்தோடு வந்தன. காவிரி மேலாண்மை ஆணையம், உச்ச நீதிமன்றம் கெடு வைத்து நெருக்கிய பிறகு, 2018 ஜூன் 1 அன்று அரசிதழில் வந்தது. தகராறு பழுத்த பிறகு, மாநிலம் பிரிந்த பிறகு, நீதிமன்றம் அதட்டிய பிறகு என்றுதான் பெரும்பாலும் நடந்திருக்கிறது.

252வது பிரிவு என்று இன்னொரு கதவும் இருக்கிறது. இரண்டோ அதற்கு மேற்பட்டோ மாநிலங்களின் சட்டமன்றங்கள் தீர்மானம் போட்டுக் கேட்டுக்கொண்டால், மாநிலப் பட்டியலில் உள்ள விஷயத்திலும் நாடாளுமன்றம் அவற்றுக்காகச் சட்டம் செய்யலாம். 1974இன் நீர் மாசுத் தடுப்புச் சட்டம் அப்படி வந்ததுதான். அழுக்குத் தண்ணீருக்காக ஒன்றுசேர முடிந்த மாநிலங்கள், நல்ல தண்ணீருக்காக இதுவரை அந்தக் கதவைத் தட்டவில்லை.

கிணற்றுக்குள் இருக்கும் காவிரி

2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் நடுவர் மன்றத்தின் இறுதித் தீர்ப்பைத் திருத்தியபோது கர்நாடகத்தின் பங்கை 14.75 டிஎம்சி கூட்டியது. தமிழ்நாட்டின் பங்கு 404.25 ஆனது, பிலிகுண்டுலுவில் கர்நாடகம் விட வேண்டியது 192இலிருந்து 177.25 ஆகக் குறைந்தது. இந்தக் குறைப்பில் 4.75 பெங்களூரின் குடிநீர் முதலான தேவைகளுக்கு. மீதி 10 டிஎம்சிக்குச் சொல்லப்பட்ட காரணம், காவிரி டெல்டாவின் நிலத்தடி நீர். சுமார் 20 டிஎம்சி நிலத்துக்கடியில் இருப்பதாகத் தெரிகிறது, அதில் 10ஐப் பாதுகாப்பாகக் கணக்கில் எடுக்கலாம் என்றது நீதிமன்றம்.

அதாவது ஆற்றுப் பங்கீட்டில் கிணற்று நீரும் வந்துவிட்டது. நிலத்தடி நீர் 17வது பதிவுக்குள் வருவது. பெரும்பாலும் எல்லை தாண்டாதது. எந்த நடுவர் மன்றத்தையும் கேட்காமல் தமிழ்நாடு தானே சட்டம் செய்யக்கூடியது. தமிழ்நாடு 2003இல் அப்படி ஒரு நிலத்தடி நீர்ச் சட்டத்தை நிறைவேற்றவும் செய்தது. பத்து ஆண்டுகள் அது ஒழுங்காக நடைமுறைக்கே வரவில்லை. 2013இல் அதை ரத்து செய்தார்கள். அடுத்த ஐந்து ஆண்டில் அதே நிலத்தடி நீரைக் காட்டி ஆற்றில் 10 டிஎம்சி கழிக்கப்பட்டது. டெல்டாவில் குறுவைக்கு மேட்டூர் திறப்பு தள்ளிப்போகும் ஆண்டுகளில், ஆழ்துளைக் கிணறு வைத்திருப்பவர் நாற்று விடுகிறார்; இல்லாதவர் சம்பாவுக்குக் காத்திருக்கிறார். அந்த 10 டிஎம்சியில் யாருக்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல எந்தச் சட்டமன்றமும் இன்னும் உட்காரவில்லை.